மூளைக்குள் நுழையாத கொழுப்பு மூளையை எப்படிக் கெடுக்கிறது?

காரைக்குடிப் பக்கத்து மெஸ்களில் மூளை வறுவலுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு ஆட்டு மூளை வாங்கிக் கொடுத்தால் புத்தி கூர்மையாகும் என்று நம்புகிற வீடுகளும் இருக்கின்றன. ஒரு முழு முட்டையில் 200 மில்லிகிராமுக்குள்தான் கொலஸ்ட்ரால். ஆட்டு மூளையில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். மனித மூளையும் அப்படித்தான். நம் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம். உடம்பில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேதான் இருக்கிறது. நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை பெரும்பாலும் கொழுப்பால் ஆனது.

ஆனால் அந்தக் கொலஸ்ட்ரால் நாம் சாப்பிட்டதிலிருந்து வந்தது இல்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிறோமே, அது) துகள்களாக மிதந்து வரும் கொலஸ்ட்ராலை, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு உள்ளே விடுவதில்லை. அதனால் மூளை வறுவல் சாப்பிட்டு மூளை வளர வழியில்லை.

அப்படியானால் ரத்தத்தில் கொழுப்பு கூடினால் மூளைக்கு என்ன நஷ்டம்? கெட்டுப்போவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர். அதுவும், அடைப்பு என்று ஸ்கேனில் தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கெடத் தொடங்குகிறது. இந்தச் செய்திதான் நம் ஊர்ப் பக்கம் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் "எத்தனை பெர்சென்ட் அடைப்பு?" என்றுதான் கேட்கிறோம். அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் மாத்திரையும் அன்றோடு நின்றுவிடுகிறது.

மூளையின் ரத்தத் தேவையிலிருந்து தொடங்கலாம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் மூளைக்குப் போகிறது. உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதி கிட்டத்தட்டக் கிடையாது. ரத்த ஓட்டம் முழுவதும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் செல்கள் சாக ஆரம்பிக்கும். போகிற ரத்தமும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் போவதில்லை. நீங்கள் பேசும்போது பேச்சுக்கான பகுதிக்கும், கணக்குப் பார்க்கும்போது அதற்கான பகுதிக்கும் கூடுதலாகப் போகிறது. வேலை நடக்கும் இடத்தில் உள்ள சிறு தமனிகள் ஓரிரு நொடிகளில் விரிந்து கொடுப்பதால்தான் இது நடக்கிறது.

விரியச் சொல்லும் செய்திகளில் முக்கியமானது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு. ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுக்க ஒற்றை அடுக்காக விரிந்து கிடக்கும் செல்கள், அதாவது எண்டோதீலியம், இதைத் தயாரிக்கிறது. சில நொடிகளே தாக்குப்பிடிக்கும் இந்த மூலக்கூறு பக்கத்துத் தசைச் செல்லுக்குள் ஊடுருவி அதைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நைட்ரிக் ஆக்சைடை வைத்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ராலும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (அது என்ன என்று பிறகு பார்க்கலாம்) சேர்ந்து முதலில் காலி செய்வது இதைத்தான்.

கொலஸ்ட்ராலுக்கும் தமனிக்கும் உள்ள தொடர்பு 1913லேயே வெளிப்பட்டது. ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்கு, முட்டை மஞ்சள் கருவிலிருந்து பிரித்த கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. வெறும் எண்ணெய் சாப்பிட்ட முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கொழுப்பு சுவருக்குள் எப்படித் தங்குகிறது என்பது புரியப் பல பத்தாண்டுகள் ஆயின. எல்.டி.எல்.லைப் பிடித்துச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்து 1985ல் நோபல் வாங்கிய பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1979ல் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார்கள். மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள், ரத்தத்தில் உள்ள அசல் எல்.டி.எல்.லை அவ்வளவாகச் சீண்டவில்லை. அதையே வேதிமுறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தபோது அளவில்லாமல் விழுங்கின. உடம்புக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது என்று தேடியபோது கிடைத்த முக்கியமான விடை, ஆக்சிஜன்.

அதாவது எல்.டி.எல். துகள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாகத் தொல்லை செய்வதில்லை. அளவு கூடக்கூட, எண்டோதீலியத்தைக் கடந்து சுவருக்குள் புகும் துகள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. உள்ளே போனவை அங்குள்ள நார்ப்பொருளில் சிக்கிக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. பழுதான சரக்கைக் கண்டு எண்டோதீலியம் ஆள் கூப்பிடுகிறது. வெள்ளை அணுக்கள் வந்து விழுங்கி, விழுங்கியதைச் செரிக்க முடியாமல் உப்பி, நுரைச் செல்களாகி அங்கேயே சாகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சுச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: மேலே கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் காரை உதிரத் தொடங்கியிருக்கும். தமனியிலும் நோய் சுவருக்கு உள்ளேதான் வளர்கிறது. முதல் பல வருடங்கள் குழாயின் வழி குறுகுவதே இல்லை. சுவர் வெளிப்பக்கமாக வீங்கி இடம் கொடுத்துவிடுகிறது.

ஆக்சிஜனேற்றம் என்பது காரைக்குடிக்குப் புதுச் சங்கதி இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953ல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பது அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. ஒரு பொருள் தன் எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றம். இரும்பு இழந்தால் துரு. கொழுப்பு இழந்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பலகார டப்பாவுக்கே தெரியும். தேன்குழலும் சீப்புச் சீடையும் நாள்பட்டால் அடிக்கிற அந்தச் சிக்கு வாடை, கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்த வாடை. ஒரு மூலக்கூறு கெட்டால் அது பக்கத்து மூலக்கூறிலிருந்து பிடுங்கும், அது அதற்கடுத்ததிலிருந்து. தமனிச் சுவரில் சிக்கிய எல்.டி.எல். துகளின் கொழுப்பில் நடப்பதும் இதே சங்கிலி வினைதான்.

இனி ஆக்சிஜனேற்ற அழுத்தம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் மிகச் சிறிய பகுதி, ஒரு எலக்ட்ரான் கூடிப்போய், சூப்பர் ஆக்சைடு என்ற பரபரப்பான வடிவம் எடுக்கிறது. உடம்புக்கு இது தேவையும்கூட. கிருமிகளைக் கொல்ல வெள்ளை அணுக்கள் இதைத்தான் வீசுகின்றன. வரவைச் சமாளிக்க சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டதயோன் என்று நம்மிடம் காவலும் உண்டு. வரவு காவலை மீறிவிடும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ரத்தக்குழாயில் இதை அதிகம் உற்பத்தி செய்வது நாக்ஸ் என்ற நொதிக் குடும்பம். உடம்பின் மற்றத் தமனிகளோடு ஒப்பிட்டால் மூளைத் தமனிகளில் இதன் செயல்பாடு இயல்பிலேயே கூடுதல் என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, உயர்ந்த எல்.டி.எல். ஆகிய நான்குமே இந்த நொதியைத்தான் தூண்டிவிடுகின்றன.

சூப்பர் ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்தால் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டும் கண்ட மாத்திரத்தில் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சுப் பொருளாகின்றன. உடனே இரண்டு நஷ்டம்: குழாயை விரிக்க வேண்டிய வாயு போயிற்று, புரதங்களையும் கொழுப்பையும் சிதைக்கும் புதிய பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. அது அதோடு நிற்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு பி.எச்.4 என்று ஒரு துணைப்பொருள் தேவை. பெராக்சிநைட்ரைட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து பயனற்றதாக்குகிறது. துணைப்பொருள் இல்லாத அந்த நொதி சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அது நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் சூப்பர் ஆக்சைடையே உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறது. காவலுக்கு இருந்த நொதியே கெடுக்கத் தொடங்குகிறது. எல்.டி.எல். கொஞ்சம் கூடினால் என்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது ஏன் தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இந்தச் சுழல்தான். தொடங்கிய பிறகு அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

மூளையில் இதன் விளைவு குழாயின் அளவைப் பொறுத்து மாறும். கழுத்தில் ஓடும் கரோட்டிட் தமனி கிளை பிரியும் இடத்தில், ரத்தம் சுழித்து ஓடுவதால், கொழுப்புத் திட்டு முதலில் வளரும். அது வெடித்து அதன் மேல் உறையும் ரத்தக் கட்டி மேலே போய் மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம். மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகள் கொஞ்சம் வேறு விதம். அவற்றின் சுவர் மெலிது. வெளிப்பக்க மீள் அடுக்கு கிடையாது. ஆனால் இளமையில் அவற்றின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகள் மற்ற தமனிகளைவிட வலுவாக இருப்பதைப் பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் காட்டின. அதனால் அங்கே திட்டு தாமதமாகவே வருகிறது. வயது ஏறும்போது அந்தக் காவல் தளர்கிறது. பிறகு நோய் வேகம் பிடிக்கிறது. மண்டைக்குள் தமனி சுருங்கும் இந்த வகை, ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி.

நுண்ணிய குழாய்களின் கதை இன்னும் கவலை தருவது. அவற்றில் திட்டு வளர்வதில்லை, அதனால் அடைப்பு என்று யாரும் சொல்வதும் இல்லை. கொலஸ்ட்ரால் கூடிய எலிகளில், பெரிய தமனியில் திட்டு தெரியும் முன்பே மூளையின் சிறு தமனிகள் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போயின. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைத்தபோது ஓரளவு மீண்டன. நைட்ரிக் ஆக்சைடு குறைந்த குழாய் விறைக்கிறது. வேலை செய்யும் மூளைப் பகுதி கேட்கும் ரத்தம் நேரத்துக்கு வருவதில்லை. ரத்த–மூளைத் தடுப்பும் கசியத் தொடங்குகிறது. தடுப்பு நன்றாக இருக்கும்போதே கடந்துவிடும் ஒரு பொருளும் உண்டு. கொலஸ்ட்ரால் மாற்றமடைந்து உண்டாகும் 27-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் அது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் இதுவும் ஏறுகிறது. மூளையின் அடியாழத்தில் உள்ள வெண்பகுதிக்கு ரத்தம் கொடுப்பவை மெல்லிய, கிளையில்லாத குழாய்கள். அவை பழுதாகும்போது எம்.ஆர்.ஐ.யில் வெண்திட்டுகள் தெரியும். மூளையில் சின்னச் சின்னக் குழிகள் விழும். வெளியில் தெரிவது என்ன? நடை தளர்கிறது, கால் தேய்கிறது, பேச்சில் வேகம் குறைகிறது, வரவு செலவு பார்ப்பதில் தடுமாற்றம் வருகிறது. "ஐயாவுக்கு வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நுண்குழாய் நோய்க்கு முதல் காரணம் ரத்தக் கொதிப்பு; கொலஸ்ட்ராலின் பங்கு அதற்கு அடுத்துத்தான். ரத்தம் கசியும் வகைப் பக்கவாதத்துக்கும் உயர் கொலஸ்ட்ராலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இந்தியாவில் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை அடைப்பு வகை என்பதால்தான் எல்.டி.எல். இவ்வளவு முக்கியமாகிறது.

சரி, நம் சாப்பாட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகு, காரம், எண்ணெய், கறி என்று ஒரு படம் ஹோட்டல் பலகைகளால் உண்டானது. வீட்டுச் சமையலில் மண்டியும் மசியலும் சூப்பும் காய்கறிப் பிரட்டலுமே அதிகம். மிளகும் சோம்பும் கல்பாசியும் யாருடைய தமனியையும் கெடுத்ததில்லை. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 15 சதவீதம்; கடலையெண்ணெயில் 20க்குள். நல்லெண்ணெயில் உள்ள செசாமோல் வகைப் பொருள்கள் அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு அடிக்காமல் காக்கின்றன. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல், நெய்யில் ஏறத்தாழ 60 சதவீதம். எல்.டி.எல்.லை ஏற்றுவதில், சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ராலைவிட இந்த நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பலருக்கும் பங்கு அதிகம். முட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், ஒரே வாணலி எண்ணெயில் நாளெல்லாம் பொரித்த பஜ்ஜியைப் பற்றி யோசிப்பதில்லை. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் குவிகின்றன. அதனால்தான் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது அதில் சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதி வைத்திருக்கிறது. கடைக்காரர் அதை அளந்து பார்க்கிறாரா என்பது வேறு கேள்வி. எண்ணெய் கறுத்து, நுரைத்து, லேசாகப் பிசுபிசுத்தால் விலகிவிடுங்கள்.

நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளின் சுபாவமும் தனி. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் 81 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்புக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. மொத்தக் கொலஸ்ட்ரால் பலருக்கு இயல்பாக இருக்கும். ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு கூடியும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைந்தும் இருக்கும். இந்த நிலையில் எல்.டி.எல். துகள்கள் சிறிதாகவும் அடர்த்தியாகவும் ஆகின்றன. அப்படிப்பட்ட துகள் சுவருக்குள் எளிதாகப் புகும். எளிதாக ஆக்சிஜனேற்றம் அடையும். இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கறிக்குழம்பைவிட அரிசியும் சர்க்கரையும் உடலசைவில்லாத நாளும்தான். விசேஷ வீட்டுப் பந்தியில் கவுனி அரிசியை நல்லது என்று வாங்கிச் சாப்பிடுகிறோம். அந்தக் கருநிறத்தில் ஆந்தோசயனின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு நிறமி இருப்பது உண்மை. அதோடு சேர்ந்து இலைக்கு வரும் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் உண்மை. உப்புக்கண்டம், வற்றல், ஊறுகாய் வழியாக வரும் உப்பு கொதிப்பை ஏற்றி, அதே நாக்ஸ் நொதியைத் தூண்டும்.

ஆக்சிஜனேற்றம்தான் வில்லன் என்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகுக்கும் தோன்றியது. பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த ஹார்ட் ப்ரொடெக்‌ஷன் ஆய்வில், வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250, பீட்டா கரோட்டின் 20 என்று ஐந்து வருடம் தினமும் கொடுத்தார்கள். 2002ல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. அதே ஆய்வில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மாத்திரையான சிம்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் கால் பங்கு குறைந்தது. காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். சூப்பர் ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடைப் பிடிக்கும் வேகத்துக்கு வைட்டமின் ஈடுகொடுக்க முடியாது. ஊற்றை அடைக்காமல் தண்ணீரை இறைத்துப் பயனில்லை. ஸ்டேடின் எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு, எண்டோதீலியத்தில் நைட்ரிக் ஆக்சைடு நொதியின் அளவைக் கூட்டுவதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் ஆன்டி ஆக்சிடன்ட் என்று விற்கும் டப்பாக்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்த ஆய்வை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். நெல்லிக்காயும் கீரையும் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அவற்றில் இருக்கும் பல நூறு பொருள்களில் ஒன்றை மட்டும் உருவி மாத்திரையாக்கினால் அதே பலன் வராது என்பதுதான் செய்தி.

ஏற்கனவே பக்கவாதமோ, வந்து மறைந்த சிறு பக்கவாதமோ கண்டவர்களுக்கு நடந்த ஸ்பார்க்கிள் ஆய்வு 2006ல் வெளியானது. அட்டோர்வாஸ்டாடின் என்ற இன்னொரு ஸ்டேடினை 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 11.2 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்தில் மீண்டும் பக்கவாதம் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13.1 சதவீதம் பேருக்கு. ரத்தக்கசிவு வகை மட்டும் மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடியிருந்தது. ஆகவே கொதிப்பைக் கட்டுக்குள் வைக்காமல் ஸ்டேடினை மட்டும் நம்புவது சரியில்லை. 2020ல் பிரான்சும் தென் கொரியாவும் சேர்ந்து செய்த ஆய்வு, கொழுப்புத் திட்டால் பக்கவாதம் வந்தவர்களுக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே இருப்பது, 90 முதல் 110 வரை இருப்பதைவிட நல்லது என்று காட்டியது. லேப் சீட்டில் இயல்பு அளவு என்று அச்சடித்திருக்கும் எண், ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்குப் பொருந்தாது என்பதை வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். "கொழுப்பு நார்மல் ஆயிருச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்களுக்கு நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்திய சில வாரங்களில் எண் பழைய இடத்துக்குப் போய்விடும். தசைவலி சிலருக்கு வருவதும், சர்க்கரை லேசாக ஏறுவதும் உண்மை. மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். மறதி வரும் என்ற பயத்துக்குப் பெரிய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. 2024ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், தடுக்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களின் பட்டியலில் நடுவயது உயர் எல்.டி.எல்.லைப் புதிதாகச் சேர்த்தது. நடுவயது என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. 40ல் சுவருக்குள் நடப்பதற்கு 70ல் விலை கொடுக்கிறோம்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் வயதானவர்கள் ஓரிருவராக இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் படுத்த ஆச்சி, காலையில் ஒரு கை வராமல், வாய் கோணி எழுந்தால், பாதிப்பு எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள்?" என்பதுதான் மருத்துவமனையில் முதல் கேள்வி, தூக்கத்தில் வந்தால் படுத்த நேரத்திலிருந்து கணக்கு. இங்கிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். முகம் கோணுவது, கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது மூன்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் ஊசியும் உள்ள இடத்துக்கே நேராகப் போக வேண்டும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். அப்படி வந்து மறைந்த பிறகு, முதல் இரண்டு நாள்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் அபாயம் மிக அதிகம். பெரிய தமனி அடைபட்ட சிலருக்கு, ஸ்கேனில் மூளை இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால், 24 மணி நேரம் வரைகூட கட்டியைக் குழாய் வழியாக வெளியே எடுக்க முடிகிறது. நேரம் போய்விட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்டி, வாத எண்ணெய் தடவிப் படுக்க வைத்துவிடாதீர்கள்.